இரண்டாவது கோல் காப்பாளர்

போர் முடிந்து படைமுகாம் எடுபட்ட பிறகு கற்பிட்டிக் கரையில் வெறுமையாய்க் கிடந்த ஒரு மணல்வெளியில்தான் 'கடல் தாரகை' மகளிர் கழகம் உதைபந்தாட்டம் பழகியது. காலையில் அங்கே கருவாடு காயும். அதை அள்ளிய பிறகு நாலு மணிக்குப் பெண்கள் வருவார்கள். காற்சட்டை போட்ட குமர்ப்பிள்ளைகளால் ஊருக்கு அவமானம் என்று ஐஸ் தொழிற்சாலை முதலாளி யாக்கோபு இரண்டு தடவை அந்த வெளியைக் கம்பிவேலியால் அடைத்தார். அணித்தலைவி யூஜினி இரண்டு தடவையும் வேலியைப் பிரித்தாள்.

அந்த வருடம் கழகம் நாட்டின் சம்பியன் ஆனது. நேபாளத்தில் நடக்கும் தெற்காசிய மகளிர் கழகக் கிண்ணத்துக்கு இருபது பேர் வரலாம், விமான டிக்கெட்டும் தங்குமிடமும் இலவசம் என்று கடிதம் வந்தது. கடிதம் வந்த மூன்றாம் நாள் கழகத்துக்கு ஒரு நிர்வாகசபையும் வந்தது. தலைவர் யாக்கோபு.

"பொம்புளப் பிள்ளைகளின்ட விளையாட்ட நான் தொடக்கத்திலயிருந்தே ஆதரிச்சவன்" என்று முதல் கூட்டத்தில் சொன்னார். வேலிக்கம்பி கிழித்த காயம் யூஜினியின் முழங்கையில் அப்போதும் ஆறவில்லை.

அதுவரை பயிற்சியும் கொடுத்து வந்தவள் யூஜினிதான். ஆனால் பயிற்சியாளர் என்று ஒரு பதவி காலியாக இருப்பதைச் சபை கண்டுபிடித்து, ஐஸ் தொழிற்சாலை மனேஜர் பஸ்தியானை நியமித்தது. அவரிடம் ஒரு விசில் இருந்தது. அதன் பிறகு உபதலைவர், செயலாளர், ஊடகப் பொறுப்பாளர், கலாசாரப் பொறுப்பாளர், உணவுப் பொறுப்பாளர். ஏழு இடம் போக மீதி பதின்மூன்று.

"பதினொரு பேர்தானே விளையாடுற? ரெண்டு பேர் மிச்சமாவும் ஈக்கிறாங்க" என்றார் பஸ்தியான்.

அந்த இரண்டில் ஒன்று இரண்டாவது கோல் காப்பாளருக்கு. கனமூலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும், யூஜினியை அக்கா முறையில் 'தாத்தா' என்று கூப்பிடும் ஸக்கியாவின் இடம் அது. அவளுடைய வாப்பாவைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் பிடித்திருந்தது. ஆனால் அனுப்பிய பட்டியலில் அந்த இடத்தில் அல்பொன்சா என்றிருந்தது. யாக்கோபுவின் மனைவி. வயது ஐம்பத்தொன்று.

யூஜினி ஐஸ் தொழிற்சாலைக்கே போய்க் கேட்டாள்.

"விதிய வாசிச்சியா?" என்றார் யாக்கோபு. "பதினாறுக்குக் கீழ கூடாதெண்டு இருக்கு. மேல ஒண்டும் இல்ல."

"ஸக்கியாவுக்கு நான் என்ன சொல்ல?"

"அடுத்த முறை எண்டு சொல்லு. சின்னப் பிள்ளைதானே."

யூஜினி சொன்னாள். ஸக்கியா அழவில்லை. கையுறைகளைக் கழற்றி முதல் கோல் காப்பாளர் நிலக்ஷியிடம் கொடுத்தாள். "இது ஒங்கடத விட நல்லம்" என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

நேபாளத்தில் கடும் குளிர். 'ஒரு இடம் சும்மா கிடக்கு, வா' என்று கணவர் அழைத்ததை நம்பி, கம்பளிச் சால்வை வாங்கும் ஆசையில் வந்திருந்தாள் அல்பொன்சா. பதிவுசெய்த வீராங்கனைகள் எல்லோரும் சீருடையில் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று போட்டி நடத்துவோர் சொல்லிவிட்டார்கள். அவளுடைய அளவுக்குச் சட்டை இல்லை. பஸ்தியானின் மழைக்கோட்டின் முதுகில் பன்னிரண்டு என்று எழுதி மாட்டினார்கள்.

முதல் ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. இரண்டாவதிலும் சமநிலை போதும், அரையிறுதி. ஒருத்தி காய்ச்சலில் படுத்திருந்ததால், அல்பொன்சாவை விட்டால் மிஞ்சியது சரியாகப் பதினொரு பேர். சுஜாந்தி ஒரு கோல் அடித்தாள். எழுபதாவது நிமிடத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்த நிலக்ஷியின் விரல் முறிந்தது.

யூஜினி வாங்கைப் பார்த்தாள். பயிற்சியாளர் பஸ்தியான் தன்னையும் மலையையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எழும்புங்க."

"நானா? ஐயோ பிள்ள, எனக்கு ஓடத் தெரியாது!"

"அதான் கோலுக்குள்ள நிக்கச் சொல்றன். வெளியில விட்டா ஓட வேணும்."

அல்பொன்சா சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மற்றப் பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் வேலி அடைத்தமாதிரி நின்றார்கள். ஒரு பந்து மட்டும் அவர்களைத் தாண்டி வந்து அல்பொன்சாவின் வயிற்றில் மோதி வெளியே போனது. அவள் புல்லில் குந்திவிட்டாள். மைதானமே கைதட்டியது. யாக்கோபு, "என்ட பெஞ்சாதி! என்ட பெஞ்சாதி!" என்று கத்தினார்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு கோல் போனது. தொண்ணூறாவதில் இன்னொன்று. இரண்டுமே அவளுடைய கைக்கு எட்டக்கூடிய உயரத்தில்தான் போயின. கை மட்டும் போகவில்லை.

உடைமாற்றும் அறையில் பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றினார்கள். மழைக்கோட்டோடு நின்ற அல்பொன்சா மெதுவாகக் கேட்டாள்: "இந்த இடம் ஆருடது, யூஜினி?"

"ஸக்கியா எண்டு ஒரு பிள்ளை. கனமூலை."

"அவள் நிண்டிருந்தா பிடிச்சிருப்பாளா?"

பொய் சொல்லலாமா என்று யூஜினி ஒரு கணம் யோசித்தாள். சொல்லவில்லை. "ரெண்டையும் பிடிச்சிருப்பாள், அக்கா."

ஊர் திரும்பியபோது சந்தியில் வரவேற்பு வளைவு கட்டியிருந்தார்கள். அதில் யாக்கோபுவின் படம் பெரிதாகவும், கோலுக்குள் புல்லில் இருந்த அல்பொன்சாவின் படம் அதைவிடச் சிறிதாகவும் இருந்தன. விளையாடிய பிள்ளைகளின் படத்துக்கு இடம் போதவில்லை. தோல்விக்குக் குளிரே காரணம் என்று யாக்கோபு மேடையில் அறிவித்தார். அடுத்த முறை காலநிலைப் பொறுப்பாளர் ஒருவரும் அவருக்கு உதவியாளர் ஒருவரும் கட்டாயம் போகவேண்டும் என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. அல்பொன்சாவுக்கு மாலை போடத் தேடியபோது அவளைக் காணவில்லை.

அவள் யூஜினியோடு கனமூலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஸக்கியாவின் தாய் றஹ்மத் உம்மா வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்றாள். ஸக்கியா முகம் கொடுக்கவில்லை.

"மகள், ஒண்ட இடத்தில நான் போய் நிண்டிட்டன்" என்றாள் அல்பொன்சா. "எனக்குத் தெரியாதெண்டு சொல்ல வரயில்ல. கேட்டிருக்க வேணும், கேக்கயில்ல." கைப்பையைத் திறந்து நிர்வாகசபையின் ரப்பர் முத்திரையை எடுத்து யூஜினியிடம் கொடுத்தாள். "இனிப் பட்டியல நீ எழுதி இதக் குத்து. இது இல்லாம சபையின்ட பட்டியல் ஒண்டும் செல்லாது. ஐஸ் தொழிற்சாலை என்ட சீதனம். அவர் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கொள்றன்."

ஸக்கியா இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "ரெண்டாவது கோல் எந்தப் பக்கத்தால வந்திச்சி? எப்புடி நிண்டீங்க?"

அல்பொன்சா சாரியை இடுப்பில் செருகி, முற்றத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கைகளை அகட்டி நின்று காட்டினாள். ஸக்கியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கிட்டப் போய் அவளுடைய தோளைப் பிடித்து இரண்டு அடி முன்னுக்கு நகர்த்தினாள்.

"இங்கின நிண்டிருக்கணும். இப்ப பந்தப் பாருங்க, ஆளப் பாக்க வேணாம். யூஜினி தாத்தா, ஒண்டு அடிங்க."

கற்பிட்டியில் சபை மூன்று கிழமை முத்திரையைத் தேடியது. புது முத்திரை செய்யக் கடிதம் எழுதினார்கள். முத்திரை இல்லாத கடிதம் செல்லாது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்த விடயமாகச் சபை இன்னும் கூடிக்கொண்டிருந்தபோதே லீக் தொடங்கிவிட்டது. முதல் ஆட்டத்தில் கோலுக்குள் நின்றவள் ஸக்கியா.