நடுங்கும் மான்

ஷெல் குண்டுச் சத்தம் கேட்டால் என் மகள் சுகிர்தா ஓரிடத்தில் இருக்கமாட்டாள். அப்பா எங்கே என்று தெருவுக்கு ஓடுவாள். இரண்டாயிரத்தாறில் சண்டை திரும்பத் தொடங்கிய கிழமையே அப்படி ஓடினாள். பக்கத்து வீட்டு நபீஸா எட்டித் தலைமயிரில் பிடித்து இழுத்ததால் தப்பினாள். தெருவில் நின்ற மாடு செத்துக் கிடந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

அதனால் சில கிழமைகளுக்குப் பிறகு ஒருநாள் துறைமுகப் பக்கம் முதல் ஷெல் விழுந்ததும், முதுகில் இருந்த கோதுமை மா மூட்டையைக் கப்பல் இறங்குதுறையிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

"டேய் சிவபாதம், விசரா! கீழ படடா!" லொறிக்கு அடியில் கிடந்து, என்னோடு மூட்டை தூக்கும் கதிரவேல் கத்தினான்.

"மகள் டான்ஸ் வகுப்பில நிக்கிறாள்!"

"நீ செத்தால் ஆரடா அவளைக் கூட்டிக்கொண்டு வாறது?"

நான் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

வகுப்பு பாக்கியரத்தினம் ரீச்சருடையது. இளமையில் இந்தியாவுக்குப் போய்ப் பரதம் படித்து வந்தவர். நாற்பது வருஷமாகத் தன் வீட்டு விறாந்தையில் கற்பித்தார். சுகிர்தாவோடு ஆடிய பிள்ளைகளின் தாய்மாரும் அவரிடம் படித்தவர்கள்தான். மகன் கனடாவுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. மூட்டை தூக்குகிறவனின் பிள்ளைக்கும் டொக்டரின் பிள்ளைக்கும் அவரிடம் ஒரே ஏச்சுத்தான்.

வேலிப் படலை திறந்து கிடந்தது. விறாந்தையில் ஒருவருமில்லை, சலங்கைகள் மட்டும் சிதறிக் கிடந்தன. பின்வளவில் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வெட்டிய பழைய பங்கர் குழி இருந்தது. ஓடிப்போய் வாசலில் குனிந்து பார்த்தேன்.

பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். எழுந்து நிற்க இடமில்லை. நடுவில் ரீச்சர். நடுவிரலையும் மோதிர விரலையும் பெருவிரலோடு சேர்த்து, மற்ற இரண்டையும் செவிகளாக நிமிர்த்தி ஒரு மான்குட்டியைப் பிடித்திருந்தார். சத்தியமாக எனக்கு அது கையாகத் தெரியவில்லை. அது செவியை ஆட்டியது. காற்றை மணந்து பார்த்தது. பிறகு நடுங்கியது, உயிருள்ள குட்டி நடுங்குவதுபோலவே நடுங்கியது.

வெளியே மறுபடி ஒன்று விழுந்தது. மேலிருந்து மண் கொட்டியது. ஒரு பிள்ளை வீறிட்டது.

"அது எங்கட தாளமில்லை," என்றார் ரீச்சர், மற்றக் கையால் தொடையில் தட்டியபடி. "எங்கட தாளத்தைக் கேளுங்கோ. மானுக்கு ஆரோ வாற சத்தம் கேக்குது. ஓடுமோ? ஓடாது. ஓடினால் வேடன் கண்டிடுவான். புல்லுக்குள்ள பதுங்கிக்கொண்டு இருக்கும். எங்க, சுகிர்தா, நீ காட்டு பாப்பம்."

என் மகள் ஓடவில்லை. கையைத் தூக்கினாள். அவளுடைய விரல்களிலும் ஒரு சின்ன மான் வந்து பதுங்கியது.

"சுகி," என்றேன்.

"அப்பா, வெளிச்சத்தை மறைக்காதேங்கோ!"

சத்தம் ஓய்ந்து பிள்ளைகள் ஏறிப் போனபின், ரீச்சரைக் கைகொடுத்து ஏற்றினேன். அவருடைய கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"மானை இன்னும் விடேல்லையோ ரீச்சர்?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"எந்த மான் தம்பி? பயத்தில எனக்குக் கை நிக்கவேயில்லை. பிள்ளையள் கண்டால் அதுகளும் பயந்திடுங்கள். அதுதான் மானெண்டு காட்டினனான்."

அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை.

ரீச்சர் இப்போது இல்லை. சுகிர்தா உப்புவெளியில் வகுப்பு வைத்திருக்கிறாள். அவளுடைய மாணவிகள் மானைக் காட்டினால் விரல்கள் நடுங்கும். போட்டிக்கு வந்த நடுவர் ஒருவர், இது எந்தப் பாணி என்று கேட்டாராம்.

"எங்கட ரீச்சரின்ர பாணி," என்றாளாம் மகள்.

அது ரீச்சரின் பயம் என்று நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த நடுக்கத்தை அவள் இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாகச் சொல்லிக்கொடுக்கிறாள்.