ஒரு தடவை அடுப்பு

வேனில் எல்லாம் இருந்தது. மடக்கிச் சுவரோடு சாத்தி வைக்கிற படுக்கை, கை கழுவ ஒரு தொட்டி, தலைமாட்டில் படிப்பதற்கு ஒரு விளக்கு, ஜன்னலுக்கு மருமகள் தைத்த திரை. அடுப்பு ஒன்றுதான் பாக்கி.

ஒரு காலத்தில் அந்த வேன் ரொட்டி ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய்க்கொண்டிருந்தது. துருப்பிடித்து மூலையில் நின்றதை இஸ்திரியம்மாவின் மகன் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்குள் புகுந்துகொள்வான். லிஃப்ட் மாட்டுகிற வேலை அவனுக்கு. ஒரு நூல் பிசகினாலும் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுகிற கை. "இவன் வேன் கட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரப் பிள்ளைங்க பொறந்து அதுங்களே ஓட்டிட்டுப் போயிடும்" என்று இஸ்திரியம்மா வாசலில் நின்று கேலி செய்வாள்.

அவள் உண்மையான பெயர் வேறு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில், படுக்கை விரிப்புகளைச் சூட்டில் அழுத்தித் தள்ளும் உருளை இயந்திரத்தில் வேலை. அங்கே வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மகனைப் பெரியவன் என்றுதான் கூப்பிடுவாள். இருந்தது ஒரே பிள்ளை, அதில் பெரியவன் என்ன சின்னவன் என்ன என்று யாராவது கேட்டால், "நாலு வயசுல, என்னைச் சின்னவன்னு சொல்லாதன்னு சண்டை போட்டான், அன்னிலேருந்து பெரியவன்" என்பாள்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் பெரியவனால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கேஸ் வேண்டாம், கரிதான் என்பதில் உறுதி. ஆனால் எந்தக் கரி கிரில்? சாப்பிட்ட கையோடு போனை எடுத்து வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்ப்பான். இது மடங்குகிறது, ஆனால் தகடு மெல்லிசு. அது கனமாக நின்று எரிகிறது, ஆனால் தூக்கினால் இடுப்பு போய்விடும். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போது கூட இவ்வளவு யோசிக்கல அத்தை" என்று மருமகள் முறைப்பாள். "அங்க யோசிக்க என்ன இருந்தது, ஒரே ஒரு ஆளுதான் சரின்னு சொல்லிச்சு" என்பான் அவன்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தலை வலிக்கிறது என்று சொல்லிக் கீழே உட்கார்ந்தான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அம்மா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், அவள் கையால் தேய்த்து அனுப்பிய விரிப்பு ஒன்றின் மேலேயே படுத்திருந்து, மறுநாள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வேன் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வீட்டில் இரண்டு பெண்கள். மருமகள் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் வார்த்துக் கொடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் காலையில் போனால் இருட்டும் நேரத்தில் வருவாள். இஸ்திரியம்மாவுக்கு ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் மாலை. சமையலறையில் எதிரெதிரே வந்தால் ஒருவருக்கொருவர் வழி விட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இஸ்திரியம்மாவுக்குப் பல நாள் தோன்றியது.

ஒரு நாள் அவளே தார்ப்பாயை உருவினாள். உள்ளே ஏறித் தூசி தட்டினாள். மருமகள் வேலை முடிந்து வந்ததும், "ஏரிப் பக்கமா ஒரு ராத்திரி போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள். "நீதான் ஓட்டணும். எனக்கு சைக்கிளே ஒழுங்கா வராது."

மருமகள் வெகுநேரம் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி அத்தை. போலாம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் இஸ்திரியம்மாவுக்கு உயிர் வந்தது. அன்றைக்கே மனக்கோட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த மாதம் ஏரி, அடுத்த மாதம் மலை. குளிர் விட்டதும் கடல். இரண்டு பேரும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வேனுக்குள் போய், பெஞ்சுக்கு அடியில் இருந்த இடைவெளியை அளந்தாள். பெரியவன் அடுப்புக்கென்று விட்டு வைத்த இடம் அது.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். கூடாரமும் மடக்கு நாற்காலியும் விற்கிற பெரிய கடை. கிரில்கள் பின்வரிசையில் இருந்தன. விற்பனைக்காரர் நரைத்த மீசைக்காரர், பேச ஆள் கிடைக்காமல் தவித்தவர் போல ஓடி வந்தார்.

"எத்தனை பேருக்கும்மா?"

"ரெண்டு பேருக்கு. வேன்ல போறதுக்கு. இந்த அளவுக்குள்ள அடங்கணும்" என்று டேப்பில் விரலை வைத்துக் காட்டினாள்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். புத்தகம் போல மடங்குகிற தகடு ஒன்று. வாளி மாதிரி ஒன்று, கரி கொஞ்சம் போட்டால் போதும் என்றார். பேட்டரியில் ஓடுகிற குட்டி விசிறி வைத்தது ஒன்று, புகையே வராது என்றார். இஸ்திரியம்மா குனிந்து மூடியைத் திறந்தாள், மூடினாள், கம்பியை நகத்தால் தட்டினாள். முப்பது வருஷம் சூட்டோடு மல்லுக்கட்டியவள். எந்தத் தகடு நெளியும், எது நிற்கும் என்று பார்த்ததுமே கைக்குத் தெரிந்தது.

"இந்த விசிறி எதுக்கு? கரிக்கு வேர்க்குதா?"

மீசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார், இஸ்திரியம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மருமகள் கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் உருண்டையாக, கறுப்பாக, வார்ப்பிரும்பில் ஒன்று வந்தது. மூடிக்குக் கொக்கி, மேலேயும் கீழேயும் காற்றுக்குத் துளை, சாம்பலுக்குத் தனித் தட்டு. "எரிஞ்சு முடிஞ்சதும் மூடித் துளையை அடைச்சிட்டா கரி தானா அணைஞ்சிடும், மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும். நல்லா ஆறின பிறகுதான் வண்டில ஏத்தணும். மழை வருதேன்னு உள்ள வெச்சு மட்டும் பத்த வெச்சிடாதீங்க. கரிப்புகை தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்" என்றார். "கனம்தான், ஆனா உங்க காலத்துக்கும் இருக்கும்."

"இதான்" என்றாள் இஸ்திரியம்மா. அளந்து பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் சொல்லி வைத்தாற்போல் உட்காரும். "ஏம்மா, இதுவே எடுத்துக்கலாமா?"

திரும்பினால் மருமகள் பக்கத்தில் இல்லை. வரிசையின் கோடியில் நின்றிருந்தாள். கையில் ஒரு பொட்டலம். அலுமினியத் தாளில் செய்த தட்டு, அதிலேயே கரி நிரப்பி மேலே கம்பி வலை போட்டிருந்தது. பற்ற வைத்து, சுட்டுச் சாப்பிட்டு, ஆறியதும் குப்பையில் போட்டுவிட வேண்டியது.

"இது என்னம்மா, தீப்பெட்டி மாதிரி இருக்கு? செலவைப் பாக்காத. நான் வாங்கறேன்."

"செலவு இல்ல அத்தை. ஒரு தடவைக்கு இது போதும்னு…"

"ஒரு தடவைக்கா?"

மருமகள் பொட்டலத்தின் மேலே அச்சடித்திருந்ததை மும்முரமாகப் படித்தாள். மீசைக்காரர் வேறு யாரோ கூப்பிட்டது போல நகர்ந்துபோனார்.

இஸ்திரியம்மாவின் கையில் டேப் இன்னும் நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சுருட்டினாள். மெதுவாக, விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சுருட்டினாள்.

"எங்க போற?" என்று கேட்டாள்.

"வேற ஊருல ஒரு லேப்ல கூப்பிட்டிருக்காங்க. வர்றேன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம்."

"ஏரிக்குப் போலாமான்னு நான் கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமேம்மா. நான் பாட்டுக்கு மலை, கடல்னு…"

"வாய் வரல அத்தை. நீங்க அன்னிக்கு எத்தனையோ நாள் கழிச்சு சந்தோஷமா இருந்தீங்க."

அங்கே நிற்க முடியாமல் இருவரும் வெளியே வந்தார்கள். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வேனின் நிழலில் நின்றுகொண்டு, "நான் ஏதாவது குறை வெச்சேனா?" என்று இஸ்திரியம்மா கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள், கெஞ்சலாகத்தான் வந்தது.

மருமகள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "உங்க மூக்கு அவரு மூக்கு. நெத்தி அவரு நெத்தி. நீங்க சிரிச்சா… இப்போ உள்ள, விசிறியைக் கேலி பண்ணி சிரிச்சீங்களே, அப்படியே அவரு. தினமும் காலைல கதவைத் திறந்தா நீங்க நிக்கிறீங்க. ஒரு நிமிஷம் நெஞ்சு குதிக்குது அத்தை. அப்புறம் விழுது. தினமும் விழுது. என்னால முடியல."

சொல்லிவிட்டு, தப்பு செய்தவளைப் போலத் தரையைப் பார்த்தாள்.

மகன் தன்னைப் போலவே இருக்கிறான் என்று ஊரே சொல்லும்போது பூரித்துப் போனவள் இஸ்திரியம்மா. இப்போது அந்த முகத்தை எங்கே கழற்றி வைப்பது? சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். துடைத்தால் போகிற விஷயமா?

"நீ வண்டில உக்காரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கடைக்குள் போனாள். கறுப்பு உருண்டை அதே இடத்தில் இருந்தது. அதைத் தாண்டிப் போய், கோடியிலிருந்த அலுமினியப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மீசைக்காரர் எதுவும் கேட்காமல் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஏரிக்கரையில் அன்று கூட்டம் இல்லை. மருமகள் தரையில் கல்லை அடுக்கி, அதன் மேல் தட்டை வைத்துப் பற்ற வைத்தாள். முதலில் வெறும் புகை. பிறகு கரி வெளுத்து, நன்றாகவே கனன்றது. மீனை வைத்தார்கள். வெந்து தோல் சுருண்டு மணம் வந்தது. பரவாயில்லையே என்று மக்காச்சோளத்தை வைத்தால், பாதி வேகும்போதே சூடு தணிந்துவிட்டது. மேலே கரி போட வழியில்லாத அடுப்பு அது. இஸ்திரியம்மா அட்டையை எடுத்து விசிறிப் பார்த்தாள். ஊதிப் பார்த்தாள். சாம்பல் பறந்து இருவர் தலையிலும் விழுந்ததுதான் மிச்சம்.

"ஒரே நாள்ல கிழவி ஆயிட்டேன் பாருங்க" என்றாள் மருமகள், நரைத்த முடியைத் தட்டிக்கொண்டு.

இஸ்திரியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் கையால் வாயை மூடிக்கொண்டு, முகத்தை ஏரிப் பக்கம் திருப்பினாள்.

மருமகள் பார்த்துவிட்டாள். கையிலிருந்த சோளத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையை வாயிலிருந்து எடுத்தாள். "அப்படிப் பண்ணாதீங்க அத்தை. நான் அதுக்காகச் சொல்லல. அப்படிப் பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டே உடைந்துபோனாள். அவன் செத்த அன்றைக்குக் கூட இவள் அப்படி அழுததில்லை. இஸ்திரியம்மா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சாம்பல் படிந்த அந்த முடியைக் கோதிக் கோதிவிட்டாள். அரைவேக்காட்டுச் சோளம் அப்படியே ஆறிக் கிடந்தது. இருட்டும் வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

மறு மாதம் மருமகள் போனாள். வேனை ஒரு இளம் ஜோடி வந்து பார்த்து, பிடித்துப்போய் வாங்கி ஓட்டிக்கொண்டு போனது. மருமகள் முதலில் வாரா வாரம் போன் செய்தாள், அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை. சாப்பிட்டீர்களா, மூட்டுவலி எப்படி இருக்கிறது, அங்கே மழையா. இஸ்திரியம்மாவும் இங்கிருந்து அதையே கேட்பாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மாலையில் போன் வந்தது. மருமகள் சுற்றி வளைத்துப் பேசினாள். லேபுக்குப் பொருள் கொண்டுவருகிற ஒருவர், நல்ல மாதிரி, பெண்டாட்டியை இழந்தவர் என்று சொல்லி நிறுத்தினாள்.

"நல்லதும்மா. ரொம்ப நல்லது."

"நீங்க வரணும் அத்தை."

"நான் யாருன்னு சொல்லிட்டு வர்றது?"

"அத்தைன்னு சொல்லிட்டு வாங்க. எனக்கு வேற யாரு இருக்காங்க?"

"வர்றேன்மா" என்றாள் இஸ்திரியம்மா. "கண்டிப்பா வர்றேன்."

நல்லதாக ஒரு புடவை வாங்கி, மடிப்புக் கலையாமல் தன் கையாலேயே தேய்த்து, முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைத்தாள். அந்த மூக்கையும் நெற்றியையும் கொண்டுபோய் மருமகள் எதிரே நிறுத்த மனம் வரவில்லை. கல்யாணத்தன்று அவள் விடுப்பு எடுக்கவில்லை. காலையிலேயே போய் இயந்திரத்தைப் போட்டாள். ஈரமும் கசங்கலுமாக விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. ஒவ்வொன்றாக உதறி, மூலைக்கு மூலை பிடித்து, உருளைக்குள் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.