துரை வீட்டுத் தொட்டிக்கு ஒரு ஜோடி

என் புருஷன் இராஜமாணிக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது ஒரு கிண்ணம் சோறு எடுத்துப்போனார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். மலாயாவின் அவசரகாலத்தில் தோட்டத்துக் கம்பிவேலிக்கு வெளியே ஒரு பருக்கை போனாலும் அது காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுக்குத்தான் என்று போலீஸ் முடிவு கட்டிவிடும். கேட்டிலேயே பிடித்து உள்ளே வைத்தார்கள். நல்ல ஆள் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு கடுதாசி கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். நான் புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் அந்தத் துரை பங்களாவைக் கூட்டிப் பெருக்குகிறவள். தினமும் கேட்டேன். தினமும் நாளைக்கு என்றார்.

துரைக்கு வேறு கவலை. துரைசானி சீமையிலிருந்து வருகிறாளாம். அவள் பார்க்கக் கண்ணாடித் தொட்டியில் கடல்தண்ணீர் ஊற்றி, வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி விடவேண்டுமாம். என்னை லோரியில் ஏற்றிக் கடலோரப் போர்ட்டிக்சனுக்கு அனுப்பினார். கேட்டில் ஒருவனும் லோரியைச் சோதிக்கவில்லை. மீனுக்குத் துரை கையெழுத்துப் போட்ட பாஸ் இருந்தது.

மீன்கார மஸ்தான் பாய் பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும் பொறுக்கிக் கொடுத்தார். பெரியதுதான் பெட்டையாம்.

“ரெண்டும் பெருசா விட்டா கடிச்சே கொன்னுக்கும் தங்கச்சி,” என்றார்.

துரையிடம் அப்படியே சொன்னேன். கேட்டால்தானே! பாய் ஏமாற்றிவிட்டானாம், எனக்கு மூளை இல்லையாம். சின்னதைக் கொடுத்துவிட்டு இன்னொரு பெரியதை வாங்கி வந்தால்தான் கடுதாசி என்றார். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். போய் மாற்றி வந்தேன்.

இரண்டே நாளில் ஒன்று துடுப்பெல்லாம் கிழிந்து செத்து மிதந்தது. அதற்கும் என்மேல்தான் பாய்ந்தார். துரைசானி நாளைக்கு வருகிறாள், ஓடிப்போய்ச் சின்ன மீனையே கொண்டுவா, கடுதாசியைப் பிறகு பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை என் புருஷனைத் தடுப்பு முகாமுக்கு ஏற்றப் போகிறார்கள் என்று ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

பாய் தகர வாளியில் சின்ன மீன் ஒன்றைக் கொடுத்தார். அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். பங்களாவில் இறங்கியதும் நான் தொட்டிப் பக்கம் போகவில்லை. சாக்கடை ஓரம் நின்று வாளியைச் சாய்த்துப் பிடித்தேன்.

“கடுதாசி மொதல்ல, தொர. மீனு அப்புறம்.”

வேலையை விட்டு விரட்டுவேன், போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கூப்பிடட்டும், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே லாக்கப்பில் கிடக்கிறோம். வாளியை இன்னும் சாய்த்தேன். தண்ணீர் என் காலில் கொட்டியது.

துரை மேசைக்குப் போனார். எழுதினார். காகிதத்தை என் முகத்தில் வீசினார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கிராணியிடம் கொண்டுபோய் எத்தனை வரி என்று கேட்டேன். நல்ல ஆள், விட்டுவிடலாம் என்று இரண்டே வரி என்றார். அந்த இரண்டு வரிக்காகப் பத்தொன்பது நாள் என் புருஷனை உள்ளே போட்டு வைத்திருந்தான், பாவி.