விலை கேட்க ஓர் ஆள்

பழைய சந்தைக் கட்டடம் கைவினைக் கூடமாகத் திறக்கப்பட்ட நான்காம் நாள் காலை, எட்டாம் எண் கடையிலிருந்த மண் ஜாடிகள் பதினொன்றும் வாடிப்போயிருந்தன. சூளையில் சுட்டு, தட்டினால் கணீரென்று ஒலித்த ஜாடிகள். இப்போது கழுத்து துவண்டு, வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. ஜாடிக்காரி முதலில் சூளையைத் திட்டினாள், பிறகு மண்ணை, கடைசியில் அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டிய தன் சின்ன மாமனாரை. மதியத்துக்குள் அடுத்த கடைத் தச்சரின் மரக்குதிரையும் தலையைத் தொங்கப்போட்டது. எதிர்க்கடை ஓவியரின் கடல், ஓரங்களில் பழுக்கத் தொடங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் சின்ன மாமனாரை மன்னித்தாள்.

அந்தக் கட்டடம் நூற்றுப்பத்து வருடம் காய்கறிச் சந்தையாக இருந்தது. சந்தையை ஊருக்கு வெளியே மாற்றியதும் இரும்புத் தூண்களுக்குப் பச்சை அடித்தார்கள், கூரைக் கண்ணாடிகளை மாற்றினார்கள், தரையில் ஓடும் கல் வாய்க்காலை அழகாயிருக்கிறதென்று விட்டுவைத்தார்கள். மேலாளராக ஓர் அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்தார். நாற்பது தாண்டிய தனிக்கட்டை. நல்ல மனுஷர், ஆனால் சட்டைக்குப் போடும் கஞ்சியை மனசுக்கும் கொஞ்சம் போட்டுவிடுவார். கடைக்கு இரண்டு பலகை மாட்டினார்: ‘தொடாதீர்கள்’, ‘பேரம் கிடையாது’. அருங்காட்சியகத்தில் அது சரிப்பட்டு வந்தது. இங்கே வரவில்லை. கிள்ளாமல், முகராமல், புரட்டிப் பார்த்துச் சண்டை போடாமல் எந்தப் பொருளும் அந்தக் கூரையின் கீழ் மூன்று நாளுக்கு மேல் தாங்கியதில்லை. இரண்டு பலகைக்காகக் கட்டடம் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இதைக் கண்டுபிடித்தது கீரைக்காரம்மா. சந்தை போனபோது அவள் மட்டும் போகவில்லை. முப்பத்தொரு வருடமாக வடக்கு வாசல்தான் அவள் இடம். திறப்பு விழாவன்று கூடிய கூட்டத்தைப் பார்த்து, கீரைக்கு இவ்வளவு கிராக்கியா என்று இன்னொரு கூடையும் கொண்டுவரச் சொன்னவள். அவள் எட்டாம் கடைக்கு வந்து ஜாடிகளைப் பார்த்தாள். செம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றித் தெளித்தாள். ஈரச் சாக்கைப் போர்த்தினாள். பிறகு ஒன்றைத் தூக்கிப் புரட்டினாள்.

“இது என்ன விலை?”

ஜாடிக்காரி சொன்னாள்.

“அடேயப்பா! இந்தக் கோணல் வாய்க்கா?”

“கோணலா? கண்ணைக் கழுவிட்டு வந்து பாருங்கக்கா!”

வாக்குவாதம் முற்ற முற்ற ஜாடியின் கழுத்து நிமிர்ந்தது. அரை மணி நேரத்தில் பதினொன்றும் நேராக நின்றன. கீரைக்காரம்மா ஒன்றையும் வாங்காமல் மரக்குதிரையிடம் போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் செம்பும் வாயுமாக ஒரு சுற்று வருவது அவள் வேலையானது.

மேலாளருக்குத்தான் சங்கடம். கைப்பட ஏதாவது செய்பவர்களுக்கு மட்டுமே கூடத்தில் இடம் என்பது விதி. பதிவேட்டில் ‘செய்யும் பொருள்’ என்றொரு கட்டம் உண்டு. ‘இலை அலங்காரக் கலைஞர்’ என்று போட்டுவிடலாம் என்றார் தச்சர். கீரைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது.

“நான் கீரை விக்கிறவ. அதை மறைச்சுத்தான் இங்க உக்காரணும்னா எனக்கு வேண்டாம். ஆனா வேற எங்க போவேன்? ரெண்டு பிள்ளைங்களையும் இந்த வாசல்லதான் வளர்த்தேன். வீட்டுல சுவரைப் பார்த்து உக்காந்தா நான் செத்துடுவேன் தம்பி.”

அவருக்கும் வருத்தம்தான். வருத்தத்தோடு, முத்து முத்தான கையெழுத்தில், மாதக் கடைசிக்குள் வடக்கு வாசலைக் காலி செய்யும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவரோடு யாரும் பேசவில்லை. சண்டை போடவில்லை, கோஷம் எழுப்பவில்லை. வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். காகிதங்களைக் கதவுக்கடியில் தள்ளினார்கள். டீ கொண்டுவருகிறவர்கூட அவர் அறையைத் தாண்டிப் போனார். இப்படி மூன்று நாள். நான்காம் நாள் மாதக் கடைசி. தண்ணீர்க் குழாயின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போன கீரைக்காரம்மா, மேசைமேல் மேலாளர் வாடிக்கிடப்பதைக் கண்டாள். காது மடல்கள் மடிந்திருந்தன. பத்து விரல்களும் நேற்றுப் பறித்த பீன்ஸாக மேசை விளிம்பில் தொங்கின.

அவள் கூச்சல் போடவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தாள். தோளில் ஈரச் சாக்கைப் போட்டு, இரண்டு காலையும் எடுத்து வாளித் தண்ணீரில் வைத்தாள். காதைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து கூடமே அதிரக் கேட்டாள்.

“இந்தத் தம்பி என்ன விலை?”

முதலில் ஓடிவந்த ஜாடிக்காரி, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். “சும்மா குடுத்தாலும் வேண்டாம்.”

மேலாளரின் இடது காது லேசாக அசைந்தது.

“கையெழுத்து நல்லாருக்கும். அதுக்கு ஏதாவது குடுக்கலாம்” என்றார் தச்சர்.

“சமைக்கத் தெரியுமா?”

“சட்டை தேய்ப்பாரு.”

ஆளாளுக்கு ஒரு குறை, ஒரு விலை. பேரம் சூடு பிடித்தபோது மேசையிலிருந்து ஈனக்குரல் வந்தது.

“நான் அவ்வளவு மலிவா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் அழுதார். தன்னைப் பற்றி ஒருவர் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று என்றார். காலை வாளியிலிருந்து எடுக்காமலே பதிவேட்டைத் திறந்து, ‘செய்யும் பொருள்’ என்ற கட்டத்தில் ‘கீரை’ என்று எழுதினார். அடுத்த மாதம் சோதனைக்கு வந்தவர்கள் அதைப் படித்து, ஓவியரின் கடல் ஈரமாயிருப்பதையும் தொட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுப் போனார்கள். பலகைகளைத் தச்சர் அலமாரியாக்கினார். சுவரில் நேர அட்டவணை ஒட்டப்பட்டது: பத்து மணி ஜாடிகள், பத்தரை குதிரைகள், பதினொன்று மேலாளர்.

இப்படி ஒன்பது வருடம் ஓடியது. எல்லோரும் கீரைக்காரம்மாவிடம் உயிராக இருந்தார்கள். அதனால் யாரும் அவளிடம் விலை கேட்பதில்லை. கீரைக்கட்டை எடுப்பார்கள், காசை வைப்பார்கள், சிரித்துவிட்டுப் போவார்கள். பத்தாம் வருட மழையில் ஒருநாள், பதினொரு மணியாகியும் மேலாளர் முகத்தில் தண்ணீர் விழவில்லை. அவர் எழுந்து வடக்கு வாசலுக்குப் போனார். கூடைமேல் சாய்ந்து அவள் வாடிக்கிடந்தாள். காதிலிருந்த கம்மலின் கனத்தைக்கூட மடல் தாங்கவில்லை.

வாழ்நாளில் ஒரு தடவையும் பேரம் பேசியறியாதவர், கஞ்சி போட்ட கால்சட்டையோடு ஈரத் தரையில் குந்தினார். தண்ணீர் தெளித்தார். ஒரு கட்டை எடுத்து முகர்ந்தார்.

“அம்மா, இது என்ன விலை?”

உதடு மட்டும் அசைந்து விலை சொன்னது.

“அடேயப்பா! இந்த வாடின கீரைக்கா?”

கீரைக்காரம்மா கண்ணைத் திறந்தாள். “எதைப் பார்த்து வாடினதுங்கறே?”

அன்று மதியம்வரை பேசினார்கள். மறுநாள் அட்டவணையில் ஒரு வரி கூடியிருந்தது: பதினொன்றரை, வடக்கு வாசல். மேலாளர் ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்கு வந்துவிடுகிறார். அதே கட்டுக்குத்தான் பேரம். விலை இன்றுவரை படியவில்லை.