ஓசி விறகு

அலுவலகத்தில் அவளுக்குப் ‘புகையக்கா’ என்று பெயர். வட்டாரத்துக் காற்றில் எந்தப் புகை எங்கிருந்து எவ்வளவு கலக்கிறது என்று கணக்கிடுவது அவள் வேலை. வரைபடத்தைக் கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை ஆலை, எத்தனை வண்டி, எத்தனை வீட்டு அடுப்பு என்று கணினியில் ஏற்றுவாள். காற்றின் திசையையும் வேகத்தையும் சேர்த்துக் கொடுத்தால், எந்தத் தெருவில் எவ்வளவு புகை நிற்கும் என்று கணினி சொல்லிவிடும்.

ஒரு கட்டத்தில் மட்டும் கணக்கு உதைத்தது. கதவும் அலமாரியும் செய்யும் ஆலைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பு அது. அங்கே பள்ளிக்கூட மாடியில் வைத்திருந்த அளவுக் கருவி, குளிர்காலம் வந்தால் கணினி சொன்னதைப் போல இரண்டு மடங்கு காட்டியது. அவளுடைய அக்கா வீடும் அங்கேதான் இருந்தது.

அக்கா இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. நாற்பத்து நான்கு வயது. நுரையீரல் நோய். சிகரெட்டைத் தொடாதவளுக்கு எப்படி வந்தது என்று மருத்துவரே இரண்டு முறை கேட்டார். அக்கா கடைசி வரை கேலியை விடவில்லை. “ஊர்ப் புகையெல்லாம் அளக்குறியே, என் மூச்சையும் கொஞ்சம் அளந்து சொல்லு. எவ்வளவு மிச்சம்னு பாப்போம்” என்றாள். தங்கை சிரித்துவிட்டு வெளியே போய், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று அழுதாள்.

இந்தக் குளிர்காலத்தில் அந்தக் கருவியின் வடிகட்டித் தாளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பசையும் வர்ணமும் எரிந்த தடயம் இருப்பதாக அறிக்கை வந்தது.

“ஆலைக்காரன் கழிவைத் திருட்டுத்தனமா எரிக்கிறான். போய் கையும் களவுமா புடிங்க” என்றார் துறைத் தலைவர்.

அக்காவைக் கொன்றவனின் முகத்தைப் பார்க்கப் போவது போலத்தான் அவள் போனாள். புகைபோக்கியில் ஏறிக் குழாயைச் செருகி மூன்று நாள் அளந்தாள். சுத்தமாக இருந்தது. கொதிகலன் எரிவாயுவில் ஓடியது. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

“ஒரு துண்டுகூட நாங்க இங்க எரிக்கிறதில்லம்மா.”

“அப்ப கழிவெல்லாம் எங்க போகுது?”

“கழிவா? அதுக்குத்தான் இங்க அடிபிடியே. வேலை செய்றவங்க வீட்டு அடுப்புக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆளுக்கு வாரம் ரெண்டு மூட்டை. ஓசிதான். பத்து வருஷமா குடுக்கிறோம்.”

அத்தான் அந்த ஆலையில்தான் பலகை அறுத்தார். அக்கா வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் சாக்கு மூட்டைகள் நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டு எரிபொருள் கணக்கெடுப்புக்கு அந்தத் தெருவுக்குப் போனது அவளேதான். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துதான் படிவத்தை நிரப்பினாள். “என்ன எரிக்கிறீங்க?” என்று அதிகாரிக் குரலில் அவள் கேட்க, “விறகுதாங்க மேடம்” என்று அக்கா கைகட்டி நின்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் ‘விறகு’ என்பதற்கு எதிரே டிக் அடித்தாள். மூட்டையைத் திறந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் பத்து வயது மகள் அனலுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். புகையக்கா மூட்டைக்குள் கைவிட்டாள். ஒரு பக்கம் வெள்ளை வர்ணம் பூசிய பலகைத் துண்டு வந்தது. அறுத்த ஓரத்தில் பசைக் கோடுகள். பையிலிருந்த சின்னக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது காட்டிய எண்ணை எந்த ஆலை வாசலிலும் அவள் பார்த்ததில்லை.

சொல்லாமலே போய்விடலாமா என்று இருந்தது. மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தொண்டையைச் செருமினாள். அக்கா செருமுவது போலவே இருந்தது.

மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப அவளுக்கு வந்தது இதனாலயா?”

“இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது அத்தான். ஆனா இதுவும் சேர்ந்திருக்கும்.”

“எவ்வளவு சேர்ந்திருக்கும்? நீதான் கணக்குப் போடுறவளாச்சே.”

அவள் மேசைமேலிருந்த கருவியை நிறுத்திப் பைக்குள் வைத்தாள்.

“கடைசி மாசம் குளிருது குளிருதுன்னா,” என்றார் அவர். “ரெண்டு மூட்டை பத்தலன்னு சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி மூணாவது வாங்கினேன். சைக்கிள்ல கட்ட முடியாம தலையில சுமந்துட்டு வந்தேன். கதவை இறுக்கிச் சாத்திட்டு அடுப்பு நிறையப் போட்டேன். இப்பதான் இதமா இருக்குன்னு சொன்னா.”

“நான் அந்த மூட்டைமேலயே உக்காந்து விறகுன்னு எழுதினேன் அத்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இதுதானே என் பொழப்பு.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த துண்டுகளை இடுக்கியால் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். அன்று இரவு மட்டும் மகளைப் புகையக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

ஆலைத் துண்டு எரியும் அடுப்புகளை உத்தேசக் கணக்கில் ஒரு புது வரியாகக் கணினியில் சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். கருவி சொன்னதும் கணினி சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. “பிரமாதம்” என்றார் துறைத் தலைவர். அவள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஆலை துண்டு கொடுப்பதை நிறுத்த வேண்டும், வீடுகளுக்கு வேறு எரிபொருள் தரவேண்டும் என்று எழுதினாள். எத்தனை வீட்டில் இதை எரிக்கிறார்கள் என்று துறையில் கேட்டார்கள். வீடு வீடாக ஏறினாள். ஒரு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. ஓசி விறகில் மண்ணைப் போட வந்தவள் என்று கதவைச் சாத்தினார்கள்.

மூன்று வாரமாக அவளோடு பேசாமல் இருந்த அத்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையில் நின்றிருந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

“வா, நானும் வரேன்” என்றார்.

முதல் வீட்டில், அவரோடு பலகை அறுப்பவரின் மனைவி கதவைப் பாதி திறந்தாள். “உங்களுக்கென்னண்ணே, வீட்ல ரெண்டே பேரு. எங்க வீட்ல ஆறு பேரு. இதையும் நிறுத்திட்டா குளிர்ல விறைச்சுச் சாகவா?”

“என் பொண்டாட்டிக்கு நான்தாம்மா கொண்டு வந்து போட்டேன்,” என்றார் அத்தான். “வாரம் ரெண்டு மூட்டை. ஒரு வாரமும் தவறினதில்ல.”

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். பிறகு விலகி வழிவிட்டாள். அத்தான் உள்ளே போய், அடுப்பருகே குந்தி, மூட்டையின் வாயை அவிழ்த்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, வர்ணம், பசை, வர்ணம் என்று சொல்லச் சொல்ல புகையக்கா எழுதினாள். நாலாவது துண்டைத் திருப்பியவர், அதன் வர்ணத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் எழுதுகோலைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.