நூற்றுப் பன்னிரண்டாவது வௌவால்

கோலார் பக்கத்துச் சுரங்க ஊரான பாலகாட்டின் வௌவால் ஆர்வலர் பேரவைக்கு உறுப்பினர்கள் மூன்று பேர், பேனர் ஒன்று. பன்னிரண்டடி பேனரில் பத்தடியைத் தலைவர் மாணிக்கராஜின் முகமே எடுத்துக்கொண்டது. மிச்ச இடத்தில் ஒரு வௌவாலும், ‘வௌவால் தங்கிய இடத்தைத் தொடாதே’ என்ற பேரவையின் முதல் விதியும், அதன் கீழே தலைவரின் கையெழுத்தும் நெருக்கியடித்துக் கிடந்தன.

முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பேனரை, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய இன்ஜின் கொட்டகைச் சுவரில் கட்டினார்கள். பிறகு, உடைந்த ஜன்னல் வழியாக வெளியேறிய வௌவால்களை எண்ணினார்கள். எண்ணியது மற்ற இரண்டு உறுப்பினர்களான ஐடாவும் ஷோபாவும்தான். தலைவர் தூரத்தில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து, தலைக்குக் குடை பிடித்தபடி மேற்பார்வை பார்த்தார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.

வேலை அதோடு முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். ஐடா சுரங்கத்தின் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருடம் டோக்கன் கொடுத்தவர். கீழே இறங்கிய ஒவ்வொருவனின் டோக்கனும் பலகைக்குத் திரும்பாமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே ஃப்ளாஸ்க்கோடு வந்து, கொட்டாவி விட்ட ஷோபாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, திரும்பியவற்றை எண்ணினார்.

நூற்றுப் பதினொன்று.

ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டையில் தலைவர் வந்து இறங்கினார். பத்து மணிக்குக் கோலாரில் பாராட்டு விழா. எண்ணியவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாவிட்டால் சால்வை கிடையாது.

“கையெழுத்து போடுங்க ஐடாம்மா, நேரமாச்சி.”

“ஒண்ணு இன்னும் வர்ல.”

“இன்னா ஐடாம்மா, ஒரு வௌவாலுதானே!”

“ஒரு ஆளு கீழ கீறான், ஷிஃப்ட் முடிஞ்சிபோச்சின்னு எழுதுவீங்களா தலைவரே?”

“அது மனுசன்!”

“இது நைட் ஷிஃப்ட்.”

“பேத்தமங்களா ஏரிப் பக்கம் போயிருக்கும் ஆண்ட்டி. அங்கதான் பூச்சி ஜாஸ்தி” என்றாள் ஷோபா.

“வரட்டும். நான் எங்கயும் போகல.” ஐடா ஃப்ளாஸ்க்கைத் திறந்தார்.

“வௌவாலுக்கு உயிரையே குடுப்பேன்னு மேடையில பேசப் போறவன் நான். என்கிட்டயே ரூல்ஸா?” பேனரையாவது கொண்டுபோகலாம் என்று தலைவர் போய் ஒரு மூலையின் கயிற்றை அவிழ்த்தார்.

அவருடைய படத்து மூக்குக்குப் பின்னாலிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம்.

உயிரைக் கொடுக்க இருந்தவர் அடுத்த நொடி ஸ்கூட்டருக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

ஐடா மெல்ல எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் அளவு உடம்பு, தலைகீழாக, கண்ணை மூடிக்கொண்டு சொகுசாகத் தொங்கியது.

“வந்துட்டியாடி ராஜாத்தி!” படிவத்தில் 112 என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். ஷோபா கைதட்டப் போய், வௌவாலுக்காக அடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்தாள்.

“சரி சரி, அத்த வெரட்டுங்க. பேனர் வேணும்” என்றது ஸ்கூட்டருக்குப் பின்னாலிருந்து குரல்.

ஷோபா பேனரின் அடியில் இருந்ததை வாசித்தாள். “‘வௌவால் தங்கிய இடத்தைத் தொடாதே.’ கையெழுத்து யாருது சார்?”

ஐடா அவிழ்ந்த மூலையை இழுத்துக் கட்டினார். பேனர் இல்லாமல், படிவத்தையும் சொந்த முகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு தலைவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் தெம்பு வந்துவிட்டது.

“என் நிழல்லதான் அது தங்கிக்கீதுன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க!”

சிரித்த சிரிப்பில் ஐடாவின் கையிலிருந்த டீ சிந்தியது.

“எழுதறோம் தலைவரே! சால்வையோட ஒழுங்கா திரும்பி வாங்க. உங்களையும் எண்ணிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்!”