தானே பூட்டிக்கொண்ட கைதி

உள்நாட்டுப் போர் தொடங்கி, அராகோன் மலைநாட்டில் எங்கள் தோர்ரெசெக்கா ஊரில் அரசாங்கத்தை ஒழித்த அன்று ஊரே கூடி மாதாகோயில் எதிரே தீ மூட்டியது. நிலப் பத்திரங்கள் எரிந்தன, பணநோட்டுகள் எரிந்தன, ஓடிப்போன காவலர்கள் விட்டுப்போன தொப்பிகளும் எரிந்தன. சிறையறைக் கதவையும் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் அது நல்ல கருவாலி மரம். கையில் தீப்பந்தத்தோடு நின்றவர்கள் அதைத் தட்டிப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், மறுநாள் சத்தமில்லாமல் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டார்கள். அராகோன்காரர்கள் ராஜாவை விட்டுக்கொடுப்பார்கள், பாதிரியாரை விட்டுக்கொடுப்பார்கள், நல்ல பலகையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பின்னால் வந்த வினையெல்லாம் அந்தச் சிக்கனத்தால்தான்.

நான் ஒரோசியா. ஊரில் இருக்கிற ஒரே ரொட்டி அடுப்பு என்னுடையது, ஊர் தின்கிற ரொட்டி எல்லாம் அதில் வெந்ததுதான். அடுப்புக்கு விறகு மலையிலிருந்து வர வேண்டும். சுமந்து வருவது என் கோவேறு கழுதை. என் கணவர் அதற்குத் தளபதியம்மா என்று பெயர் வைத்திருந்தார். பட்டம் பதவிகளை ஒழித்தபோது அந்தப் பெயரையும் மாற்றச் சொன்னார்கள். தோழி என்று கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணவர் போன பிறகு வீட்டில் நான் புலம்பினால் காதை ஆட்டிக் கேட்பது அது ஒன்றுதான். முப்பத்தேழாம் வருஷம் கோடையில் ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், கொட்டடி காலி.

திருடனைத் தேட வேண்டியிருக்கவில்லை. சிப்ரியானோ என்றொரு சோம்பேறி இருந்தான். அன்று மதியமே தளபதியம்மாவின் சிவப்புக் குஞ்சம் வைத்த கயிற்றை இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச் சாரிக்குப் போய்விட்டான்.

மாதாகோயிலில்தான் ஊர்க்கூட்டம் நடக்கும். அப்போது அது எண்ணெய்ப் பீப்பாய்க் கிடங்கு. முதலில் பேசுகிறவன் எப்போதும் பிரௌலியோ. தலைவன் என்றால் கோபித்துக்கொள்வான், "முதலில் பேசுகிற தோழர்" என்று சொல்ல வேண்டும். தொழில் சவரம். கன்னத்தில் நுரை பூசிவிட்டு மனிதகுலத்தின் விடுதலையைப் பற்றி ஆரம்பித்தால், நுரை காய்ந்து உதிரும் வரை கத்தி கன்னத்துக்கு வராது.

"திருட்டுன்னு சொல்றீங்களே தோழி ஒரோசியா," என்றான். "சொத்தையே ஒழிச்சாச்சு. சொத்தே இல்லாத ஊர்ல திருட்டு எப்படி வரும்?"

"அப்ப என் கழுதை?"

"அது எல்லாருக்கும் சொந்தம். எல்லார்ல சிப்ரியானோவும் ஒருத்தன். அவன் எடுத்தது தன்னோடதையே எடுத்த மாதிரி."

"ரொம்ப நல்லது. எல்லாருக்கும் சொந்தமானது காணாமப் போச்சுன்னா விறகையும் எல்லாரும் சுமக்கணும். நாளைக்கு நீ முதல்ல வா. முதல்ல பேசுறவன் முதல்ல சுமக்கட்டும்."

அதன் பிறகுதான் கூட்டத்துக்கு விஷயம் உறைத்தது. ரொட்டி நின்றுவிடும் என்றதும் தத்துவம் கொஞ்சம் இளகியது. தண்டிக்கலாம் என்றார்கள். ஆனால் யார் தண்டிப்பது? ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பூட்டி வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்ட ஊர் இது. பொழுது சாயும்வரை வாதாடிக் கடைசியில் பிரௌலியோ வழி கண்டுபிடித்தான். சிப்ரியானோவை யாரும் பூட்ட வேண்டாம். அவனே தன் மனசாட்சிப்படி சிறைக்குள் போய், அவனே பூட்டிக்கொண்டு, சாவியை அவனே வைத்துக்கொள்ளட்டும். கழுதை இருக்கும் இடத்தைச் சொல்ல மனம் வருகிற அன்று அவனே திறந்துகொண்டு வரட்டும்.

சிப்ரியானோ எழுந்து நின்றான். "சாப்பாடு?"

"ஊர் போடும்."

"புகையிலை?"

"அதுவும்தான்."

"அப்படின்னா எனக்கு இப்பவே மனசாட்சி உறுத்துது, தோழர்களே," என்றான்.

கை தட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள். பிரௌலியோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். உலகத்திலேயே முதல் சுதந்திரச் சிறை எங்கள் ஊரில் திறந்திருக்கிறதாம்.

ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊரில் கல்லும் வியர்க்கும். குளிர்ச்சியான இடம் அந்தச் சிறை ஒன்றுதான். மதியம் எல்லோரும் வயலில் கதிர் அறுக்கும்போது அவன் உள்ளே பூட்டிக்கொண்டு தூங்குவான். சாயங்காலம் திறந்துகொண்டு வந்து சீட்டாடுவான். தெருக்கோடியில் என் தலை தெரிந்தால் போதும், ஓடிப்போய்ப் பூட்டிக்கொள்வான். அவனுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிற பாக்கியமும் எனக்குத்தான். மலையிலிருந்து என் முதுகில் சுமந்த விறகில் சுட்ட ரொட்டி.

"எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே? தண்ணியாவது காட்டுறியா?"

"வற்புறுத்தாதீங்க அத்தை," என்பான் சன்னல் கம்பி வழியாக, வாயில் ரொட்டியோடு. "வற்புறுத்தினா அது அதிகாரம் ஆயிடும்."

பிரௌலியோவிடம் போய்க் கத்தினேன். பொறுமையாக இருங்கள், மனசாட்சி மெதுவாகத்தான் பழுக்கும் என்றான். மனசாட்சி பழுப்பதற்குள் என் முதுகெலும்பு பழுத்துவிடும் போலிருந்தது. ராத்திரி படுத்தால் புரள முடியாது. காலி கொட்டடியைப் பார்த்தால் அழுகை வரும், அழுதும் இருக்கிறேன். ஓர் அரசாங்கம், ஒரே ஒரு சின்ன அரசாங்கம் இருந்தால் போதும், என் கழுதை வீடு வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

நினைத்தது நடந்தது. அந்த மாதமே அரசாங்கம் வந்தது. போரில் எதிரிகளுடைய அரசாங்கம் அல்ல, எங்கள் தரப்பு அரசாங்கம்தான். லாரிகளில் பட்டாளம், முன்னால் ஒரு கேப்டன், பளபளக்கும் பூட்ஸ். நிலத்தையெல்லாம் ஒன்றாக்கி நாங்கள் நடத்திய கூட்டுப்பண்ணை கலைந்தது, பழைய சட்டம் திரும்பிவிட்டது என்று சதுக்கத்தில் நின்று வாசித்தார். எல்லோரும் கதவடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் அவர் முன்னால் ஓடினேன்.

"ஐயா, என் கோவேறு கழுதையைத் திருடிட்டான்."

"யாரு?"

"சிப்ரியானோ. சிறையில இருக்கான்."

"சரிதான். சிறையில இருந்தா ஒழுங்காத்தானே நடந்திருக்கு?"

"சாவி அவன்கிட்டதான் இருக்கு ஐயா."

கேப்டன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிப்ரியானோவை வரச் சொன்னார். கைத்துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவன் பக்கம் திருப்பக்கூட இல்லை. "கழுதை எங்கே?" என்று ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓடைக்கு அந்தப் பக்கம், பாழடைஞ்ச ஆட்டுப்பட்டியில இருக்குங்க, எஜமான்," என்றான் சிப்ரியானோ. மூச்சுக்கூட விடவில்லை.

எங்கள் பிரௌலியோவின் மனசாட்சியால் முடியாததை அந்தத் துப்பாக்கி சும்மா படுத்துக்கொண்டே செய்தது. ஒரு சிப்பாய் தளபதியம்மாவைப் பிடித்து வந்தான். இளைத்திருந்தாள், ஆனாலும் என்னைக் கண்டதும் காதை ஆட்டினாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அரசாங்கம் வாழ்க!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

கேப்டன் அதன் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல உருப்படி. பீரங்கி வண்டிக்குச் சரியா இருக்கும்."

"ஐயா, இது என்னோடது."

"உங்களோடதுதாம்மா. யாரு இல்லைன்னு சொன்னாங்க? அதனாலதான் உங்ககிட்டேயிருந்து எடுத்துக்கிறோம்." ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி நீட்டினார். "போர் ஜெயிச்சதும் இதைக் கொண்டுவந்து காட்டுங்க."

"ஜெயிக்கலைன்னா?"

"தோல்வி மனப்பான்மை குற்றம், அம்மா," என்றார்.

முத்திரை நல்ல வட்டமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் விறகு சுமக்க முடியாது. தளபதியம்மாவைப் பீரங்கி வண்டியில் பூட்டியபோது அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து பிரௌலியோவின் முறை. அவன்மேல் என்ன குற்றம் என்கிறீர்கள்? அதிகாரம் எதுவும் இல்லாமல் ஒரு குடிமகனைச் சிறையில் வைத்ததாம்.

"அவனேதான் பூட்டிக்கிட்டான்!" என்று கதறினான் பிரௌலியோ.

"யார் அனுமதி கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல. அனுமதிங்கிறதே இங்க கிடையாது."

"எழுதிக்கோ, ஒத்துக்கிட்டான்," என்றார் கேப்டன் குமாஸ்தாவிடம்.

சிப்ரியானோ பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டான். "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன் எஜமான்," என்றான். அப்போதே அவனுக்குச் சிறுதொந்தி விழுந்திருந்தது.

பிரௌலியோவையும் இன்னும் இரண்டு பேரையும் உள்ளே தள்ளினார்கள். பூட்டுவதற்குச் சாவி வேண்டும். சாவி சிப்ரியானோ இடுப்பில், என் சிவப்புக் குஞ்சக் கயிற்றில் தொங்கியது. இந்தச் சிறையைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஆள் வேறு யார் என்று கேப்டன் விசாரித்தார். வேறு யாருமில்லை. லாரியிலிருந்து ஒரு தொப்பி வந்தது, சிப்ரியானோ சிறைக்காவலன் ஆனான். அளவுகூடப் பார்க்கவில்லை, கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் நான் ரொட்டி கொண்டுபோனபோது பிரௌலியோ கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தான். "சிப்ரியானோ, உன்னை நாங்க சாவியோடதானே வச்சிருந்தோம்? எங்ககிட்டயும் கொடுப்பா. நாங்க ஓட மாட்டோம்."

"அது உங்க ஆட்சியில."

"நாங்க ஆட்சியே செய்யலையே!"

"அதனாலதான் உள்ள இருக்கீங்க," என்றான் சிப்ரியானோ.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்தால் முதுகு வலிக்கும்.

அந்த வார முடிவில் மலையிலிருந்து விறகுக்கட்டோடு இறங்கிக்கொண்டிருந்தேன். சிப்ரியானோ நடுத்தெருவில் நின்றான். நான்தான் சுவரோரம் ஒதுங்க வேண்டியிருந்தது.

"அத்தை, நாளையிலேருந்து காவலர் மேசைக்கு நாலு ரொட்டி கூடுதலா வேணும். உத்தரவு."

"விறகு?"

"அது உங்க பாடு."

கட்டை இறக்கி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். "ஏண்டா, என் கழுதையைத் திருடின அன்னைக்கு என்னைக் கண்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டு எதிர்ச் சாரிக்கு ஓடினே. இன்னைக்கு நேருக்கு நேரா நின்னு கண்ணைப் பாத்துப் பேசுறியே, எப்படிடா?"

அவன் யோசித்தான். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே யோசித்தான்.

"அன்னைக்கு எனக்குத் தொப்பி இல்லையே, அத்தை," என்றான்.

பிறகு அவனே குனிந்து விறகுக்கட்டைத் தூக்கி என் முதுகில் ஏற்றிவிட்டான்.